77 இனங்கள், ஒரே திசை: அமேசான் பறவைகளின் எடை குறைந்ததா, தராசு பொய் சொன்னதா?

2021 நவம்பரில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமேசான் காட்டில், கோடரி படாத பகுதியில் வாழும் பறவைகளின் எடை நாற்பது ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றது அது. பத்திரிகைகள் "பறவைகள் சுருங்குகின்றன" என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. சுருங்கியது என்று எப்படித் தெரிந்தது, யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு முடிவைவிட அந்தக் கேள்விதான் சுவையாக இருந்தது, அதனால் இந்த ஆய்வை அளவு எடுக்கும் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன்.

முதலில் அவர்கள் சொன்னது என்ன என்று சரியாக வைத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டது 77 இனங்கள், எல்லாமே வலசை போகாதவை, ஆண்டு முழுவதும் அதே காட்டின் கீழடுக்கில் கிடப்பவை. பிடித்து, எடை போட்டு, வளையம் மாட்டி விட்ட பறவைகள் 15,000க்கு மேல். 77 இனங்களிலும் இப்போதைய சராசரி எடை 1980களின் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைவு, அதில் ஏறக்குறைய பாதி இனங்களில் அந்தக் குறைவை 95% நம்பகத்தோடு சொல்ல முடிகிறது. மூன்றில் ஒரு பங்கு இனங்களில் இறக்கை நீண்டிருக்கிறது. எடையை இறக்கை நீளத்தால் வகுத்தால் வரும் விகிதம் 69% இனங்களில் இறங்கியிருக்கிறது. பெரும்பாலான இனங்கள் பத்தாண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2% எடை இழந்திருக்கின்றன. 1980களில் 30 கிராம் இருந்த ஒரு பறவை இனம் இன்று 27.6 கிராம் என்று ஆய்வாளர்களில் ஒருவரான ஃபிலிப் ஸ்டவுஃபர் எளிதாக விளக்கியிருந்தார்.

சரி, 77க்கு 77. இந்த எண்ணைப் பார்த்ததும் "அடேங்கப்பா, எவ்வளவு உறுதியான முடிவு" என்று தோன்றும். எனக்குத் தோன்றியது அதற்கு நேர்மாறு. காட்டில் எதுவும் இவ்வளவு ஒருமனதாக நடப்பதில்லை. எறும்புப் படையின் பின்னால் ஓடுவது ஒன்று, பழம் தின்பது ஒன்று, பூந்தேன் குடிப்பது ஒன்று, மரப்பட்டையைக் குத்திப் பூச்சி எடுப்பது இன்னொன்று. இத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மளிகைக் கடையில் எல்லாப் பொட்டலமும் எடை குறைந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே செய்ய வேண்டும்: தராசைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்த இடம் எப்படி வந்தது

ஆய்வு நடந்த காடு பிரேசிலின் மனாவுஸ் நகரத்துக்குப் பக்கம். அந்த நகரம் ரியோ நீக்ரோ, சோலிமோயிஸ் என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், 1970களில் அரசு ஊக்கத்தோடு மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு வெட்டத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர் தன் நிலத்தில் பாதிக் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்பது அன்றைய பிரேசில் சட்டம். தாமஸ் லவ்ஜாய் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதில் ஒரு வாய்ப்பைப் பார்த்தார். எப்படியும் பாதியை விடத்தானே போகிறீர்கள், அதை நாங்கள் சொல்லும் வடிவத்தில், 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று சதுரத் துண்டுகளாக விடுங்கள் என்று கேட்டார். பெரிய காப்பகம் ஒன்று நல்லதா, சின்னதாகப் பல நல்லதா என்று அப்போது சூழலியலாளர்கள் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைக்கு விடை தேட, மனாவுஸில் உள்ள தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 1979இல் திட்டம் தொடங்கியது. பறவைப் பகுதியை ரிச்சர்ட் பியரகார்ட் நடத்தினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாரும் பறவை சுருங்குகிறதா என்று பார்க்க அங்கே போகவில்லை. துண்டாக்கப்பட்ட காட்டில் எத்தனை இனம் தங்கும், எத்தனை காணாமல் போகும் என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க வெட்டாத காட்டிலும் வலை கட்டினார்கள், பிடிபட்டதையெல்லாம் வழக்கப்படி எடை போட்டு, இறக்கையை அளந்து நோட்டில் எழுதினார்கள். ஒப்பீட்டுக்காக எழுதிவைத்த அந்த எண்கள்தான் நாற்பது ஆண்டு கழித்து முதன்மைத் தரவாக மாறின. இது பலமும்கூட. முடிவை மனதில் வைத்துக்கொண்டு யாரும் அளக்கவில்லை. 1982இல் தராசைப் படித்தவருக்கு 2021இல் என்ன கட்டுரை வரும் என்று தெரிய வழியே இல்லை. ஆனால் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. நாற்பது ஆண்டுப் போக்கைக் காட்டுவதற்காக வடிவமைத்த அளவீடு இல்லை என்பதால், கருவியும் ஆளும் பழக்கமும் இடையில் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை அப்போது எவருக்கும் இருந்திருக்காது.

ஒரு பறவையை அளப்பது எப்படி

மிஸ்ட் நெட் என்பது மெல்லிய கறுப்பு நூல் வலை. 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், காட்டு நிழலில் கண்ணுக்கே தெரியாது. பறவை மோதி, வலையின் தொங்கும் பையில் விழுந்து கிடக்கும். காலை 6 மணிக்குத் திறந்து பிற்பகல் 2 மணிக்கு மூடுவார்கள், இடையில் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து விழுந்ததை எடுக்க வேண்டும். வலை, வளையம் என்றால் நம்மில் பலருக்குக் கோடியக்கரைதான் நினைவுக்கு வரும். அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையம் மாட்டுவது பெரும்பாலும் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு. மனாவுஸில் சிக்குபவையோ தம் காட்டை விட்டு எங்கும் போகாதவை, வெளிச்சத்தைக் கண்டாலே ஒதுங்குபவை.

வலை இரண்டரை மீட்டர்தான், காட்டு விதானமோ 30 மீட்டருக்கு மேல். அதனால் இந்த 77 இனங்கள் "அமேசான் பறவைகள்" அல்ல, அமேசான் காட்டின் கீழ் அடுக்கில் வலைக்குள் விழக்கூடிய சின்னப் பறவைகள். தூக்கன்களும் மக்காவ்களும் இந்தக் கணக்கில் இல்லை. இதைப் பத்திரிகைச் செய்திகள் அநேகமாகச் சொல்லவே இல்லை.

அடுத்தது எடை. பறவையைத் துணிப்பையில் போட்டு, ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழிக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் 100 கிராம் ஸ்பிரிங் தராசில் கோடுகள் 1 கிராம் இடைவெளியில் இருக்கும். எறும்புப் படையைப் பின்தொடரும் பித்திஸ் ஆல்பிஃப்ரான்ஸ் என்ற வெள்ளைக் கொண்டைக்காரன் இந்த வலைகளில் அதிகம் விழும் பறவை, அதன் எடை சுமார் 20 கிராம். பத்தாண்டுக்கு 2% என்றால் அதற்கு 0.4 கிராம். தராசின் ஒரு கோட்டில் பாதிகூட இல்லை! பை ஈரமாக இருந்தால் தப்பு, பறவை பைக்குள் எச்சமிட்டால் தப்பு, காற்றடித்துத் தராசு ஆடினால் தப்பு. காலையில் வெறும் வயிற்றில் பிடிபட்டது மதியம் பிடிபட்டதைவிட இலேசாக இருக்கும். முட்டை தாங்கிய பெட்டை திடீரென்று கனக்கும்.

தனிப் பறவையை எடுத்துக்கொண்டால் இவை எல்லாம் பெரிய பிழைகள். ஆயிரக்கணக்கில் போகும்போது இவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், ஏனென்றால் எச்சமிட்ட பறவைகள் 1985இலும் உண்டு, 2015இலும் உண்டு. அளவீட்டில் பயப்பட வேண்டியது தற்செயல் பிழைக்கு அல்ல, ஒரு காலத்தில் ஒரு பக்கமாகவும் இன்னொரு காலத்தில் இன்னொரு பக்கமாகவும் சாயும் பிழைக்கு. ஸ்பிரிங் தராசுக்குப் பதில் எலெக்ட்ரானிக் தராசு வருவது, காலையில் மட்டும் திறந்த வலையை மதியம் வரை நீட்டுவது, ஈரமான பருவத்தில் பிடித்துவந்தவர்கள் வறண்ட பருவத்துக்கு மாறுவது போன்றவை. நாற்பது ஆண்டு ஓடும் எந்தக் களத் திட்டத்திலும் இப்படி ஏதாவது மாறத்தான் செய்யும்.

இறக்கையை அளப்பது இன்னும் தந்திரமானது. ஸ்கேலின் ஒரு முனையில் ஒரு தடுப்பு இருக்கும். மடித்த இறக்கையின் வளைவை, அதாவது மணிக்கட்டை, அந்தத் தடுப்பில் ஒட்டிவைத்து, நீளமான இறகின் நுனி எங்கே நிற்கிறது என்று படிக்க வேண்டும். இதைச் செய்ய மூன்று வழிகள் உண்டு. இறக்கையின் இயல்பான வளைவை அப்படியே விட்டு அளக்கலாம், ஸ்கேலோடு அழுத்தித் தட்டையாக்கி அளக்கலாம், தட்டையாக்கி நேராக இழுத்தும் அளக்கலாம். காட்டுப் பறவைகளின் இறக்கை குட்டையாக, உருண்டையாக, வளைந்து இருப்பதால் முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையே ஒரே பறவையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். இதோடு இறகு தேய்மானம் சேரும். உதிர்த்துப் புது இறகு முளைத்த பறவைக்கும், உதிர்க்கப் போகிற பறவைக்கும் நுனியில் வித்தியாசம் இருக்கும். இளம் பறவைகளுக்கு பல இனங்களில் இறக்கை சற்றுக் குட்டை. மனாக்கின் என்ற சின்னப் பறவைகளில் பெட்டையும் இளம் ஆணும் ஒரே பச்சையாக இருந்து கண்ணைக் கட்டும். ஆக "இந்த இனத்தின் இறக்கை 62 மி.மீ." என்று ஒரே எண்ணில் சொல்பவர் வயதையும் பாலையும் பருவத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

யார் கையால் அளந்தது என்பது வேறு கேள்வி. ஒப்பிட ஒரு நல்ல எதிர் உதாரணம் இருக்கிறது. சிகாகோவில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் செத்து விழும் வலசைப் பறவைகளை 1978 முதல் ஃபீல்டு மியூசியத்துக்காகப் பொறுக்கியவர் டேவிட் வில்லார்ட். பொறுக்கியதோடு விடவில்லை, ஒவ்வொன்றையும் தானே அளந்தார். 52 இனங்கள், 70,716 பறவைகள், 2016 வரை. ஒரே மனிதன், ஒரே கை, ஒரே பழக்கம். அந்தத் தரவில் காலின் கணுவெலும்பு 2.4% குறைந்திருந்தது, இறக்கை 1.3% கூடியிருந்தது. ஆள் மாறியதால் வந்த மாற்றம் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது (ஒரே ஆளின் கையும் நாற்பது ஆண்டில் மாறாதா என்று கேட்கலாம், கேட்பவர்களும் இருக்கிறார்கள்). மனாவுஸில் அளந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த மாணவர்களும் களப்பணியாளர்களும். அங்கே கை மாறிக்கொண்டே இருந்தது.

தராசைச் சந்தேகித்தால்

இப்போது அந்த 77க்கு வருவோம். ஒவ்வொரு இனமும் தனித்தனியாக நாணயம் சுண்டுவது போல நடந்திருந்தால், 77 முறையும் பூ விழ வாய்ப்பே இல்லை. ஆனால் இவை தனித்தனி நாணயங்கள் அல்ல. எல்லா இனங்களும் அதே தராசில் ஏறியவை, அதே கைகளால் தொடப்பட்டவை. தராசு ஒரு காலத்தில் கொஞ்சம் அதிகமாகக் காட்டியிருந்தால் 77 இனங்களும் ஒன்றாகத்தான் இறங்கும். அதாவது ஒருமனதான முடிவு காலநிலைக்கும் சாட்சி, கெட்டுப்போன தராசுக்கும் சாட்சி. அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. செய்தித் தலைப்புகள் பிடித்துக்கொண்டது துல்லியமாக இந்த எண்ணைத்தான், ஆய்விலேயே வாதபலம் மிகக் குறைந்த எண் இதுதான் என்பது என் கருத்து.

பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, இறக்கை. எடை இறங்கிய அதே பறவைகளில் மூன்றில் ஒரு பங்கு இனங்களுக்கு இறக்கை நீண்டிருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் இது எவ்வளவு வினோதம் என்று புரியும். எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகும். 30 கிராம் பறவை 27.6 கிராம் ஆனால் எடை 8% குறைந்திருக்கிறது. உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சின்னதாகியிருந்தால், நீளங்கள் சுமார் 2.7% குறைய வேண்டும். 90 மி.மீ. இறக்கை 87.5 மி.மீ. பக்கம் வந்திருக்க வேண்டும். அப்படி வராமல் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. தராசும் ஸ்கேலும் வேறு வேறு கருவிகள். ஒன்றில் உள்ள கோளாறு இன்னொன்றைத் தொடாது. இரண்டும் கெட்டு, அதுவும் எதிரெதிர்த் திசையில் கெட்டு, அதுவும் மெதுவாகக் கெட்டு இப்படி வந்தது என்று நம்புவதற்கு ரொம்பவே மெனக்கெட வேண்டும்.

இதற்கும் ஒரு மறுப்புச் சொல்லலாம். பழைய ஆட்கள் இறக்கையை வளைவோடு அளந்து, புது ஆட்கள் அழுத்தி அளந்திருந்தால் இறக்கை நீண்டதாகத் தெரியுமே? தெரியும். ஆனால் அப்போது எல்லா இனத்திலும் தெரிய வேண்டும், இறக்கை அதிகம் வளைந்த இனங்களில் கூடுதலாகத் தெரிய வேண்டும். மூன்றில் ஒரு பங்கோடு நிற்காது.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. தரையோடு தரையாக நடக்கும் பறவைகளைவிட, கொஞ்சம் மேலே, வெயிலும் வறட்சியும் அதிகம் படும் அடுக்கில் வாழும் பறவைகளில்தான் எடையும் இறக்கையும் அதிகம் மாறியிருக்கின்றன. அந்தப் பறவைகள் பறப்பதும் அதிகம். இது தராசுப் பிழையாக இருக்க வழியில்லை, ஏனென்றால் ஒரு பறவை காட்டில் எந்த உயரத்தில் வாழ்கிறது என்று தராசுக்குத் தெரியாது. பையின் எடையைத் தப்பாகக் கழித்ததால் வரும் அரை கிராம் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். 9 கிராம் பறவைக்கு அது 5%க்கு மேல், 50 கிராம் பறவைக்கு 1%. அந்த மாதிரிப் பிழை இனங்களைப் பிரித்தால் உடல் பருமனைப் பார்த்துத்தான் பிரிக்கும். வாழும் உயரத்தைப் பார்த்துப் பிரிக்காது.

மூன்றாவது, பருவம். குறிப்பிட்ட ஆண்டின் மழையும் வெயிலும் அந்த ஆண்டுப் பறவைகளின் எடையிலும் இறக்கையிலும் தெரிந்தன. கருவி மாறியதால் வரும் பிழைக்கு மழை எவ்வளவு பெய்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கே இன்னொரு சங்கதி, வெப்பத்தைவிட மழைதான் மாற்றத்தை நன்றாக விளக்கியது. மனாவுஸ் பகுதியில் 1966 முதல் பார்த்தால் வறண்ட பருவம் சுமார் 1.65 டிகிரி செல்சியஸும், மழைப் பருவம் சுமார் 1 டிகிரியும் சூடேறியிருக்கின்றன. மழைப் பருவத்தில் மழை 13% கூடியிருக்கிறது, வறண்ட பருவத்தில் 15% குறைந்திருக்கிறது. ஈரமானது இன்னும் ஈரமாகி, காய்ந்தது இன்னும் காய்ந்திருக்கிறது. இலைச் சருகுக்குள் பூச்சி தேடும் பறவைக்கு டிகிரிக் கணக்கைவிட அந்தச் சருகு காய்ந்து நொறுங்கிக் கிடக்கிறதா என்பதுதான் பெரிது.

ஆனால் ஒரு நுணுக்கம். அந்தந்த ஆண்டின் பருவ நிலையைக் கணக்கில் கழித்த பிறகும் உறுதியாக நின்ற காலப்போக்கு இறக்கையிலும், எடை-இறக்கை விகிதத்திலும்தான் என்று கட்டுரையின் சுருக்கமே சொல்கிறது. வெறும் எடையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எடை என்பது உடலின் அளவு மட்டும் அல்ல, நேற்றுச் சாப்பிட்டதும் சேர்ந்ததுதானே, அதனால் எடைக்குறைவில் ஒரு பங்கு அப்போதைய பருவத்தின் வேலை என்று கொள்வதே நியாயம். எல்லோரும் எடையைப் பற்றிப் பேசினார்கள், உண்மையில் கெட்டியான செய்தி விகிதத்தில் இருந்தது.

சுருங்கியதா, மெலிந்ததா

1847இல் கார்ல் பெர்க்மன் சொன்னது இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: குளிர்ப் பகுதியில் பெரிய உடல், வெப்பப் பகுதியில் சின்ன உடல். உடல் சின்னதானால் எடைக்கு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடுதல், சூடு எளிதாக வெளியேறும். பூமி சூடானால் உடல்கள் சின்னதாகும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்துதான் வந்தது. மிதவெப்பப் பகுதிகளில் இதைத் தேடியவர்களுக்குக் கலவையான விடைகளே கிடைத்தன, அதற்கு ஒரு காரணம் அங்கே பறவைகள் வலசை போவதும், குளிர்காலத்தில் பாதி செத்துப்போவதும், அதனால் எந்த ஊரின் வெப்பநிலை அந்த உடலைச் செதுக்கியது என்று சொல்ல முடியாததும். மனாவுஸின் அருமை அங்கேதான். பிறந்த இடம், வாழும் இடம், சாகும் இடம் எல்லாம் ஒரே காடு.

சிகாகோவில் இறக்கை நீண்டதற்கு, சின்ன உடலோடு அதே தூரம் வலசை போக வேண்டிய கட்டாயத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த விளக்கம் இங்கே செல்லாது. இங்கே யாரும் எங்கும் போவதில்லை, சில இனங்கள் ஒரு வெட்டவெளியைத் தாண்டவே தயங்கும். அப்புறம் ஏன் இறக்கை நீள வேண்டும்? 2021 கட்டுரையின் முதன்மை ஆசிரியர் யிரினெக்கும் குழுவினரும் சொல்வது சிக்கனம். இறக்கை தாங்க வேண்டிய சுமை குறைந்தால் பறக்கச் செலவாகும் சக்தி குறையும். சக்தி குறைவாகச் செலவானால் உடலில் பிறக்கும் சூடும் குறையும். சாப்பாடு நிச்சயமில்லாத, சூடு அதிகமான காட்டில் இது இரட்டை லாபம். கீழடுக்கின் மேற்பகுதியில் அதிகம் பறக்கும் பறவைகளில் மாற்றம் அதிகம் என்பதோடு இது பொருந்துகிறது.

பொருந்துகிறது, ஆனால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். இறக்கைச் சுமை என்பது எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருவது. இவர்கள் வகுத்தது நீளத்தால். நீளம் பரப்புக்குப் பதிலாள், அவ்வளவுதான். நுனி இறகு மட்டும் நீண்டு இறக்கை கூர்மையானாலும் நீளம் கூடும், முழு இறக்கையும் அகன்றாலும் கூடும், இரண்டுக்கும் பறப்பில் வேறு வேறு விளைவு. 2022இல் வெளியான அவோநெட் தொகுப்பு 11,009 இனங்களுக்கு 90,020 தனிப் பறவைகளை அளந்து சேர்த்தபோது, அலகு, கால், வால், இறக்கை என்று பதினோரு பண்புகளை எடுத்துக்கொண்டது. அதில் மடித்த இறக்கையின் நுனிக்கும் உள்பக்க (இரண்டாம்நிலை) இறகுகளில் முதலாவதன் நுனிக்கும் உள்ள தூரமும் ஒன்று. அந்த ஒரு கூடுதல் அளவு இருந்தால் இறக்கை கூர்மையானதா அகன்றதா என்று பிரித்துவிடலாம். ஆனால் அவோநெட்டின் பெரும்பகுதி அருங்காட்சியகத்தில் காயவைத்துப் பாதுகாத்த பறவைத் தோல்களிலிருந்து வந்தது, தோல் காயும்போது இறக்கை கொஞ்சம் சுருங்கும், அதனால் உயிருள்ள பறவையின் பழைய எண்ணோடு தோலின் எண்ணை நேராக ஒட்டிப் பார்க்கக் கூடாது. இனத்துக்கு இனம் ஒப்பிடும் தொகுப்பு வேறு, ஒரே இனத்துக்குள் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தேடும் வேலை வேறு. முன்னதில் ஒரு மில்லிமீட்டர் காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது, பின்னதில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மொத்த முடிவும்.

சுருக்கம் என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மனாவுஸ் ஆய்வு பார்த்தது எடை, இறக்கை, இரண்டின் விகிதம். எலும்பு இல்லை. சிகாகோவில் கணுவெலும்பு குட்டையானது, எலும்பு வளர்ந்து முடிந்தபின் நேற்றைய சாப்பாட்டைப் பொறுத்து மாறாது, ஆகவே அங்கே உடற்கட்டே சின்னதானது என்று துணிந்து சொல்லலாம். மனாவுஸில் கட்டு சின்னதாகாமல் சதையும் கொழுப்பும் மட்டும் குறைந்து மெலிந்திருந்தாலும் எடை இதே மாதிரிதான் இறங்கும். கூட்டில் குஞ்சாக இருந்தபோது தீனி குறைந்ததால் உடல் வளராமல் நின்றதா, இலேசானவை அதிகம் பிழைத்துப் பல தலைமுறையில் மரபே மாறியதா என்பதையும் ஸ்கேலும் தராசும் பிரித்துச் சொல்லாது.

இன்னொரு குடைச்சல், பிழைத்தவர்கள் யார் என்பது. இதே இடத்தில் ஸ்டவுஃபர் குழு 2020இல் வெளியிட்ட வேறொரு ஆய்வு, வெட்டாத காட்டிலேயே தரையில் இரை தேடும் பூச்சியுண்ணிகள் அரிதாகிவிட்டன என்று காட்டியது. அப்படியானால் இன்று வலையில் விழுபவை, செத்துப்போன பலரைக் கழித்து மிஞ்சியவை. கனத்த பறவைகள் முதலில் செத்திருந்தாலும் சராசரி எடை இறங்கும், எந்தத் தனிப் பறவையும் மெலியாமலேயே. இதற்கு 2025 ஜனவரியில் வந்த ஜாரெட் வுல்ஃப் குழுவின் கட்டுரை ஓரளவு வெளிச்சம் தருகிறது. அதே வளையப் பதிவுகளை, 1985 முதல் 2012 வரை, அவர்கள் எடைக்காகப் பார்க்காமல் திரும்பப் பிடிபட்டதா இல்லையா என்பதற்காகப் பார்த்தார்கள். 29 இனங்களில் 24இல், வறண்ட பருவம் கடுமையாகும்போது உயிர் பிழைக்கும் விகிதம் விழுகிறது. வறண்ட பருவச் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடினால் இந்தப் பறவைச் சமூகத்தின் சராசரிப் பிழைப்பு 63% குறையும் என்று அவர்களின் கணித மாதிரி கணக்கிடுகிறது. உடலை மாற்றிக்கொண்டு சமாளித்துவிட்டன என்று 2021 கட்டுரையைப் படித்து நிம்மதி அடைந்தவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இப்படி: எடை-இறக்கை விகிதம் மாறியது உண்மை, அதைத் தராசின் மேலோ கையின் மேலோ போட முடியாது. எடை குறைந்ததும் உண்மைதான், ஆனால் அதில் எவ்வளவு நிரந்தரம், எவ்வளவு கெட்ட ஆண்டுகளின் வேலை என்பது திறந்தே இருக்கிறது. "சுருங்கியது" என்று சொல்ல எலும்பை அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை வைத்துக் கணுவெலும்பை அளக்க ஒரு பறவைக்கு அரை நிமிடம் ஆகும். இன்றைக்கு அளக்கத் தொடங்கினால் 1980களுக்குத் திரும்பிப் போக முடியாது, ஆனால் அதே காட்டுப் பகுதியில் அந்தக் காலத்தில் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்த தோல்கள் இருந்தால் அவற்றின் கால்களை இப்போதும் அளக்கலாம். இறக்கை அளவுக்குக் கால் எலும்பு காய்ந்து சுருங்குவதில்லை.